மட்டக்களப்பு மணலில் கோல்ப் கிரீன்: மாரிக்கு முன் எது, பின் எது

கோல்ப் கிரீன் என்பது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. அதன் இறுகிய மண்ணைத் தளர்த்தத் துளையிடும் வேலையைக் குளிர்நாட்டு வழிகாட்டி நூல்கள் செப்டெம்பர், ஒக்டோபருக்கு வைக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அப்படிச் செய்தால் துளை மூடுமுன்னே மாரி வந்துவிடும். அறுகு இனப் புல் வெயிலில்தான் ஓடிப் படரும். ஆகவே சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை. ஆவணிக்குப் பிறகு கனத்த வேலை வேண்டாம்.

துளையிட, மண்ணைக் கட்டியாக வெளியே எடுக்கும் 12 மி.மீ. குழாய்முனை, 8 முதல் 10 செ.மீ. ஆழம், 5 செ.மீ. இடைவெளி. வெளிவரும் மண்கட்டிகளை அள்ளிவிட்டு, காய்ந்த ஆற்றுமணலைத் தூவித் தும்புத்தடியால் துளைக்குள் தள்ளுங்கள். கடல்மணல் கிட்டவே வரக்கூடாது; உப்பு. ஆற்றுமணலையும் நம்பி இறக்காதீர்கள். போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள், ஒரு மணிநேரம் கழித்தும் கலங்கலாக இருந்தால் வண்டல் அதிகம். அது துளையை அடைத்து, மாரியில் தண்ணீரைத் தேக்கிவிடும். வளரும் காலத்தில் மூன்று வாரத்துக்கொருமுறை 1 மி.மீ. கனத்துக்கு மணல் தூவினால் போதும்: 100 சதுர மீற்றருக்கு 0.1 கன மீற்றர்.

புல் வெட்டுவதற்குச் சிலிண்டர் மெஷின்தான், அதாவது உருளையில் சுழலும் அலகுகள் கொண்டது. குள்ள அறுகு 3, 4 மி.மீ. வரை தாங்கும். சாதாரண அறுகை 6 மி.மீ.க்குக் கீழே இறக்கினால் தரை வழுக்கையாகும். நுனி வெளிறினால் நோயென்று மருந்து தேடுமுன் அலகைப் பாருங்கள், பெரும்பாலும் மழுங்கியிருக்கும்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீர், அதிகாலையில். வாவியோரக் கிணறு கோடையில் உவர்க்கும். அந்நீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வேரடியில் சேரும். நல்ல நீரைத் தொட்டியில் சேர்த்து, வாரமொருமுறை சதுர மீற்றருக்கு 25 லீற்றர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். ஊற்றிய நீர் உருண்டோடும் காய்ந்த திட்டுகளை முதலில் தோட்ட வேலைக்கான முள்ளுக்கரண்டியால் குத்துங்கள்.

மணல் பசளையைப் பிடித்து வைக்காது. 100 சதுர மீற்றருக்கு யூரியா அரைக் கிலோ, இரண்டு வாரத்துக்கொருமுறை, உடனே நீர். புரட்டாதியில் யூரியாவைக் குறைத்துப் பொட்டாஷ் கொடுங்கள். அடைமழையில் போட்ட யூரியா கழுவிப்போகும். மிஞ்சியது இளந்தளிரைத் தள்ளிப் பூஞ்சணத்துக்கு இரையாக்கும்.

கார்த்திகை முதல் தை வரை வெட்டும் உயரத்தை 1, 2 மி.மீ. கூட்டுங்கள். ஈரத்தில் மெஷினை இறக்கவேண்டாம். தேங்கிய நீரை இறப்பர்த் தள்ளியால் அன்றே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். பந்து விழும் 108 மி.மீ. குழியையும் மேட்டுப் பக்கமாக மாற்றிக்கொண்டே இருங்கள். அதைச் சுற்றித்தான் மிதி அதிகம்.