ப்ரீஃப்ரன்டல் சேதம்: எலிக்கு ஞாபகமா போயிற்று, பழக்கத்தை அடக்கும் திறனா?

மூளையின் முன்பகுதியான ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸைச் சிதைத்த எலிகளோடு, ஒப்பிடுவதற்காக மூளையைத் தொடாமல் அறுவை மட்டும் செய்த எலிகளையும் ஓடவிடுங்கள். காயம் ஆறியதும் தீனியைக் குறைத்து, எடையை வழக்கமானதில் 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். வயிறு நிறைந்த எலி அசையாது.

‘டி’ வடிவப் பாதையில் முதல் ஓட்டத்தில் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் 45 மில்லிகிராம் சர்க்கரை வில்லை. 10 விநாடி கழித்து இரண்டையும் திறங்கள். முன்பு போகாத பக்கம் போனால்தான் தீனி. குருட்டாம்போக்கிலேயே 50 சதவீதம் சரியாகிவிடும், கவனம். ஓட்டங்களுக்கிடையே ஆல்கஹாலால் தரையைத் துடைக்காவிட்டால், தன் வாடையை மோந்தே தப்பித்துவிடும்.

தாமதமே இல்லாதபோதும் ஒரே பக்கம் திரும்புகிறதா? மறதியைவிட, பழகியதை விட முடியாமையே காரணமாக இருக்கலாம். தாமதம் நீள நீளப் பிழை கூடினால் ஞாபகத்தைச் சந்தேகிக்கலாம்.

கவனத்தை அளக்க இந்தப் பாதை உதவாது. ஐந்து துளைப் பெட்டியில் ஏதேனும் ஒரு துளையில் அரை விநாடி விளக்கெரித்து, எந்தத் துளையில் மூக்கை நுழைக்கிறது என்று பாருங்கள்.