பூட்டிய வீட்டுக்கும் திரும்பப் போங்கள்: நகர மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்துவது எப்படி

பதினாறு வருடமாகக் கையில் அட்டையும் கேள்வித்தாளுமாகத் தெருத்தெருவாக நடக்கிறேன். மேயர் எப்படி, கவுன்சிலர் எப்படி, மேம்பாலம் வேண்டுமா, சாலையை அகலப்படுத்தலாமா, வடிகால் வேலை எங்கே நிற்கிறது என்று ஆயிரக்கணக்கான வாசல்களில் கேட்டிருக்கிறேன். தங்கள் பகுதியில் தாங்களே ஒரு கருத்துக் கணிப்பு நடத்த விரும்பும் குடியிருப்போர் சங்கத்தினரும் மாணவர்களும் இப்போது அடிக்கடி வழி கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

கேள்வித்தாளை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளில், இந்தக் கணிப்பை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு மனதில் இருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும், ‘ஆம்’ என்று பதில் வந்தால் என்ன செய்வோம், ‘இல்லை’ என்று வந்தால் என்ன செய்வோம் என்று யோசியுங்கள். இரண்டுக்கும் ஒரே வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். வாசலில் நிற்க வைத்து ஒருவரிடம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. ஐம்பது கேள்வியோடு போனால் கடைசி இருபதுக்கு வரும் பதில், ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்று சொன்ன பதிலாகத்தான் இருக்கும்.

அடுத்தது யாரிடம் கேட்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தீ என்பதால் அது சரி. நகரம் அப்படி இல்லை. சொந்த வீட்டுக்காரர் ஒரு தீயில், வாடகைக்கு இருப்பவர் வேறு தீயில், நடைபாதையில் தொழில் செய்பவர் இன்னொரு தீயில் வேகிறார். கைக்கு எட்டிய சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் பதம் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவத்தைப் போட்டு, இரண்டாயிரம் பேர் பதில் அனுப்பினார்கள் என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது நடந்ததைச் சொல்வேன். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு, சுமார் ஒரு கோடி பேருக்கு அஞ்சலில் கருத்துச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஆனால் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் மிகப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அனுப்பிய முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. அதோடு, சீட்டை மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி மனிதர்கள் இல்லை. அதே தேர்தலில் அதைவிட மிகக் குறைவான ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு, ஜார்ஜ் காலப் என்ற கருத்துக் கணிப்பாளர் முடிவைச் சரியாகச் சொன்னார்.

எத்தனை பேர் போதும்? குலுக்கலாகத் தேர்ந்தெடுத்த 100 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலவரத்திலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, சுமார் 10 சதவீதப் புள்ளி, 400 பேர் என்றால் 5, 1000 பேர் என்றால் 3. நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சமா, ஐம்பது லட்சமா என்பதால் இந்தக் கணக்கு அநேகமாக மாறாது. பலருக்கு இது நம்பவே முடியாமல் இருக்கும். ஆனால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை. தன்னார்வலர்களை வைத்து நடத்துகிறவர்களுக்கு 400 நல்ல இலக்கு. அந்த 400 பேரையும் ஒழுங்காகப் பிடிப்பதுதான் பெரிய வேலை.

அதற்கு வீட்டுப் பட்டியல் வேண்டும். கிடைக்காவிட்டால் நீங்களே நடந்து எழுதுங்கள். மாடிக்கு மேல் போட்ட தகரக் கூரை அறை, கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தங்கியிருப்பவர்கள் என்று எல்லாம் பட்டியலில் வரவேண்டும். 6000 வீடுகள் இருக்கின்றன என்று வையுங்கள். எல்லோரும் பதில் சொல்லமாட்டார்கள், அதனால் 600 வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறோம். அதாவது பத்துக்கு ஒன்று. 1 முதல் 10 வரை சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். 27-ஆம் வீட்டில் நாய் குரைக்கிறது, 28-ஆம் வீட்டில் சிரித்த முகமாக ஒருவர் நிற்கிறார் என்று மாற்றக் கூடாது.

வீட்டுக்குள்ளும் குலுக்கல் உண்டு. கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிட்டு வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர், அல்லது ‘நான் பேசுகிறேன்’ என்று முன்னால் வருபவர். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-இலேயே இதற்கென்று ஓர் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். அது கடினமாகத் தோன்றினால், பதினெட்டு வயது நிரம்பியவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள். வீட்டில் வயது வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

ஒரு வீட்டில் அப்படித் தேர்வானவர் ஐம்பது வயதுப் பெண்மணி. “எனக்கு இந்த அரசியலெல்லாம் தெரியாதுங்க, அவர் வந்ததும் கேட்டுக்கோங்க” என்றார். நான் மேயரை விட்டுவிட்டு, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டேன். வாசற்படியில் வந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கம்பத்தில் ஆரம்பித்து மூன்றாவது வீடு வரைக்கும் நிற்கும். முன்பு ஒரு மணி நேரத்தில் வடியும், எதிரே தரையை உயர்த்திக் கட்டிய பிறகு மறுநாள் காலை வரைக்கும் வடிவதில்லை. புகார் கொடுத்தால் ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். நகர நிர்வாகத்தைப் பற்றி நான் எழுதியெடுத்த பதில்களில் அவ்வளவு துல்லியமானது வேறில்லை. கருத்தைக் கேட்கும் முன் அனுபவத்தைக் கேளுங்கள் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனீர்களா, எதற்காக, வேலை முடிந்ததா என்று ஆரம்பித்தால், ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்பவர்கள்கூடப் பேசுவார்கள்.

சரி, பூட்டிய வீடுகள். தேர்வான வீடு பூட்டியிருந்தால் மூன்று முறையாவது போங்கள். வேறு வேறு நாள், வேறு வேறு நேரம். அதில் ஒன்று கட்டாயம் விடுமுறை நாளாக இருக்கட்டும். ஒருமுறை ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு மாலையில் போனேன், பூட்டு. சனிக்கிழமை மதியம் போனேன், பூட்டு இல்லை, ஆனால் தட்டியும் திறக்கவில்லை. மூன்றாவது தடவை காலை ஏழரைக்குப் போனபோது ஒருவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரவுக் காவல் வேலை. சனிக்கிழமை நான் தட்டியபோது உள்ளேதான் தூங்கிக்கொண்டிருந்தாராம். நகரத்தில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து இல்லை, வேலைக்கு நடந்தே போகிறேன், வழியில் விளக்கும் இல்லை என்றார். அந்தத் தெருவில் அதுவரை நிரப்பியிருந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட இரவுப் பேருந்து என்ற வார்த்தை இல்லை. சுலபமாகக் கிடைக்கும் ஆட்களை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால், இரவுப் பேருந்து யாருக்கும் தேவையில்லை என்றுதான் நாங்கள் நம்பியிருப்போம்.

இனி கேள்வியின் வார்த்தைகள். 1941-இல் டொனால்ட் ரக் என்பவர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பிரிவினரிடம் கேட்டபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதையே தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு பிரிவினரிடம் கேட்டபோது 46 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடுப்பதும் நடைமுறையில் ஒன்றுதான், ஆனால் காதில் விழும்போது ஒன்று மென்மை, ஒன்று கடுமை. நடைபாதைக் கடைகளை ‘அகற்றலாமா’ என்பதும் ‘ஒழுங்குபடுத்தலாமா’ என்பதும் ‘ஆக்கிரமிப்பு’ என்பதும் அப்படித்தான். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தவுடனே பதிலின் பாதியை நீங்களே எழுதிவிடுகிறீர்கள்.

‘சாலையும் குடிநீரும் திருப்தியா?’ என்று இரண்டை ஒன்றாகக் கட்டாதீர்கள். சாலை நன்று, தண்ணீர் வரவில்லை என்பவர் எதை டிக் செய்வார்? ‘பூங்கா வேண்டுமா?’ என்றால் வேண்டாம் என்பவர் கிடையாது. காலியாக இருக்கும் அந்த ஒரு இடத்தில் பூங்காவா, மருத்துவமனையா, பேருந்து நிறுத்தமா, எது முதலில் என்று கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். ‘தெரியாது’ என்ற கட்டத்துக்கு மரியாதையாக இடம் கொடுங்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1970-களின் இறுதியில் ஆய்வாளர்கள், உண்மையில் இல்லவே இல்லாத ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ பதில் சொன்னார்கள். அதனால் வளர்ச்சித் திட்டம் எதைப் பற்றிக் கேட்டாலும், கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்பதை முதலில் கேளுங்கள். இல்லை என்றால், இரண்டு வரியில் இரு பக்கத்து வாதத்தையும் ஒரே நீளத்தில் வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். தெருவின் குறைகளையெல்லாம் பட்டியல் போட வைத்துவிட்டு, ‘மேயர் எப்படிச் செயல்படுகிறார்?’ என்றால் என்ன பதில் வரும்? அனுபவக் கேள்வியில் ஆரம்பித்தாலும், தலைமையைப் பற்றிய பொதுக் கேள்வி முன்னால், குறைகளின் பட்டியல் அதற்குப் பின்னால். யாருக்கு வாக்களிப்பீர்கள் என்பது கடைசியில். அதையும் வாயால் கேட்காமல், சிறிய தாளைக் கொடுத்து அவரே குறித்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பதில் மாறும். 1982-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் டாம் பிராட்லி கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் முன்னிலையில் இருப்பதாகக் கணிப்புகள் சொன்னன, தோற்றார். அவர் கறுப்பினத்தவர் என்பதால், அவருக்குப் போடமாட்டேன் என்று கேட்பவர் முகத்துக்கு நேரே சொல்லச் சிலர் கூச்சப்பட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆகவே கவுன்சிலரின் ஆட்களைத் துணைக்கு அழைத்துப் போகாதீர்கள். அதே தெருக்காரரை அதே தெருவில் கேட்கவும் விடாதீர்கள். பெயரும் முகவரியும் ஒரு தாளில், பதில்கள் வேறு தாளில் இருக்கட்டும்.

கணக்குப் போடும்போது ஒன்றைப் பாருங்கள். 400 பேரில் சொந்த வீட்டுக்காரர் 280, வாடகைக்காரர் 120. சாலையை அகலப்படுத்த முதல் தரப்பில் 70 சதவீதம் ஆதரவு, இரண்டாவதில் 30. அப்படியே கூட்டினால் 58 சதவீதம். ஆனால் உங்கள் பகுதியில் பாதிப்பேர் வாடகைக்காரர்கள் என்றால், இரு தரப்புக்கும் சம எடை கொடுக்க வேண்டும். ஆதரவு 50 சதவீதமாக இறங்கிவிடும். எடை போட்டது, போடாதது இரண்டையும் வெளியிடுங்கள். ஒரு வார்டில் 40 பேரிடம் கேட்டுவிட்டு அந்த வார்டு மக்களின் தீர்ப்பு என்று தலைப்புப் போடாதீர்கள். கேள்வியின் முழு வாசகம், எந்தத் தேதிகளில் கேட்டது, எத்தனை வீட்டைத் தட்டி எத்தனை பேர் மறுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் எல்லாம் அறிக்கையில் வரவேண்டும்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பது அதில் நான்காவது படிதான். கேட்டதோடு நின்றுவிட்டால் மக்களுக்கு எந்த அதிகாரமும் வந்துவிடாது என்றார். அதனால் முடிவுகளை அலுவலகத்தில் கொடுக்கும் அன்றைக்கே, பதில் சொன்ன தெருக்களுக்கும் ஒரு பக்கத் தாளாகக் கொண்டு போங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அதிகாரிகள் என்ன பதில் தந்தார்கள் என்று எழுதக் கீழே இடம் விடுங்கள். அந்தப் பெண்மணி தன் வடிகால் வரியைத் தேடி விரலை வைத்துப் படித்தார். இரவுக் காவல்காரர் வீடு அன்றும் பூட்டியிருந்தது. இரவுப் பேருந்து என்ற வரிக்கு அடியில் கோடு போட்டு, தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.