குறைந்த விலைக் கேமராவில் துப்பாக்கியின் வெடியொளியைக் கண்டறிதல்: தொடக்க நிலைச் செய்முறை

துப்பாக்கி சுடும்போது குழல்முனையில் தோன்றும் ஒளி சில மில்லி விநாடிகளில் மறைந்துவிடும். அதைப் பிடிக்க விலையுயர்ந்த அதிவேகக் கேமரா தேவையென்று பலரும் தயங்குகிறார்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான, ஐஎம்எக்ஸ்219 சென்சார் கொண்ட நோஐஆர் கேமராவே இதற்குப் போதும். அதில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாதது நமக்கு மிகவும் வசதி.

முதலில் எக்ஸ்போஷரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் சென்சார் ஒளியை ஏற்கும் நேரத்தை, சரிசெய்யுங்கள். இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான். விநாடிக்கு 50 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 மில்லி விநாடி கிடைக்கிறது. பகல் வெளிச்சத்தில் கேமரா தானாகவே எக்ஸ்போஷரை 1 மில்லி விநாடியாகக் குறைத்துவிட்டால், 2 மில்லி விநாடி நீடிக்கும் ஒளிகளில் நூற்றுக்குப் பதினைந்துதான் படத்தில் சிக்கும். ஆகவே தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்தி, 640×480 அளவில் ஃபிரேம் நேரத்தை 20 மில்லி விநாடியாகவும் எக்ஸ்போஷரை அதை ஒட்டியும் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிப்பதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கி, அந்த நடுக்கமும் மறைந்துவிடும். படத்தை வரிசை வரிசையாகப் பதியும் ரோலிங் ஷட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தொலைவிலுள்ள வெடியொளி சில வரிசைகளுக்குள்ளேயே அடங்கும் சிறு புள்ளி.

இவ்வளவு நீண்ட எக்ஸ்போஷரில் வெயில் படத்தை வெளுக்கச் செய்யும் என்பதால், லென்ஸுக்கு முன் 770 நானோமீட்டரை மையமாகக் கொண்ட, 10 நானோமீட்டர் அகல ஃபில்டரைப் பொருத்துங்கள். பல வெடிமருந்துகளில் ஒளியைத் தணிப்பதற்காகச் சேர்க்கப்படும் பொட்டாசியம் உப்புகள் 766.5, 769.9 நானோமீட்டர் அலைநீளங்களில் வலுவாக ஒளிர்கின்றன. பொட்டாசியம் இல்லாத மருந்தில் இந்த வசதி கிடைக்காது. சாய்வாக வரும் ஒளிக்கு ஃபில்டரின் மையம் குறைந்த அலைநீளத்துக்கு நகரும் என்பதால், படத்தின் ஓரங்களை அதிகம் நம்பாதீர்கள். படம் இன்னும் வெளுத்தால் ஒளியின் அளவைக் குறைக்கும் சாம்பல் நிற ஃபில்டர் ஒன்றையும் சேர்க்கலாம்.

ஃபில்டரைச் சோதிக்க ஒரு தீக்குச்சியே போதும். அதன் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருப்பதால், பற்றும் கணத்தில் சுற்றுப்புறம் இருண்டிருக்க, குச்சியின் தலை மட்டும் பளிச்சிடுவதைக் காண்பீர்கள்.

அடுத்தது நிரல். ஒவ்வொரு பிக்சலுக்கும் முந்தைய ஃபிரேம்களின் சராசரியையும் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டு, புதிய மதிப்பு சராசரியிலிருந்து அந்த ஏற்ற இறக்கத்தின் ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அருகருகே சில பிக்சல்கள் சேர்ந்து உயர்ந்து, ஓரிரு ஃபிரேம்களில் அணைந்தால் மட்டுமே அதை வெடியொளியாக ஏற்க வேண்டும். தனிப் பிக்சல் பெரும்பாலும் சென்சார் குறையாகவே இருக்கும்; வண்டிக் கண்ணாடியின் மினுக்கம் பொதுவாக நெடுநேரம் நிற்கும். நிரலின் இந்தப் பகுதியைக் கேமரா ஃப்ளாஷை அடித்துச் சரிபார்க்கலாம்.

உண்மையான சோதனையை அனுமதி பெற்ற துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில், பாதுகாப்பு அலுவலர் காட்டும் இடத்தில் நின்று மட்டுமே செய்யுங்கள். இதில் சமரசமே கூடாது. அங்கே ஒரு மைக்கையும் இணைத்தால், ஒளிக்கும் குழல்முனை ஒலிக்கும் இடைப்பட்ட விநாடிகளை 340-ஆல் பெருக்கி, தொலைவை மீட்டரில் பெறலாம். ஒலியை விஞ்சிச் செல்லும் தோட்டாவின் அதிர்வலை முன்னதாகவே மைக்கை எட்டக்கூடும். அப்போது அதை அடுத்து வரும் கனத்த ஒலியையே கணக்கில் கொள்ளுங்கள்.