நேரம் வாங்கும் முன் கேட்க ஒரு கேள்வி

மனநல சிகிச்சைக்கு நேரம் வாங்கும்போதே, "இவர் மருந்து எழுதித் தருபவரா, பேசிச் சிகிச்சை தருபவரா? ஒரு முறைக்கு எத்தனை நிமிடம்?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணத்தையும் கட்டிவிட்டு, "நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒருவரை" என்று கேட்டுத் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்த டாக்டர். மாத்திரை தருவார், சோர்வுக்குத் தைராய்டு போல உடம்பில் ஏதும் காரணம் உண்டா என்று பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். ஆனால் அடுத்தடுத்த சந்திப்புகள் பெரும்பாலும் சுருக்கமாகவே முடியும், மனம்விட்டுப் பேசலாம் என்று போனவருக்கு ஏமாற்றம்தான். சைக்காலஜிஸ்ட், அதாவது பேசிச் சிகிச்சை தரும் உளவியலாளர், பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார்; அதற்கு அவருக்கு அனுமதி இல்லை. அவர் 45, 50 நிமிடம் உட்கார்ந்து, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தருவார். பல வாரம் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். 'கவுன்சிலர்' என்ற பலகையை மட்டும் நம்பாமல், என்ன படித்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதெல்லாம் அவகாசம் இருக்கும்போதுதான். தற்கொலை எண்ணம், யாரும் இல்லாமலே குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலே துறுதுறுவென்று இருப்பது என்றால் விசாரித்துக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்புறம், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர், பேச்சுச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று அதைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.