பணியிட நட்பு: நெருக்கத்தின் பெயரால் நேரும் தவறுகள்

நாளின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் சேர்ந்து கழிப்பவர்களிடையே நட்பு உண்டாவது இயல்பு. அந்த நட்பு வேலைக்கு இடையூறு என்று நினைத்து ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. நட்பு மட்டும் இருந்துவிட்டால் வேலை தானாக நடந்துவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. நண்பர் என்ற உறவுக்கும் சக ஊழியர் என்ற உறவுக்கும் தனித்தனி நியாயங்கள் இருப்பதை இரு தரப்பினருமே கவனிப்பதில்லை. நண்பரின் குறையைப் பொறுத்துக்கொள்வது நட்பின் நியாயம். அந்தக் குறை வேலையைப் பாதிக்கும்போது எடுத்துச் சொல்வது பணியின் நியாயம். இவ்விரண்டும் மோதும் இடத்தில் பெரும்பாலானவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பணியிட நட்புகள் கசந்துபோவதற்கு அளவுக்கு மீறிய நெருக்கத்தைக் காட்டிலும், அந்த நெருக்கத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கடைப்பிடிக்கப்படும் மௌனமே பெரும்பாலும் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வேலைக்கு வந்தோம், வேலையைப் பார்த்தோம், வீட்டுக்குப் போனோம் என்று இருப்பதே பாதுகாப்பானது எனக் கருதுவது முதல் தவறு. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் (Gallup) நிறுவனம் உலகெங்கும் பணியாளர்களின் ஈடுபாட்டை அளக்கப் பயன்படுத்தும் பன்னிரண்டு கூற்றுகளில், 'பணியிடத்தில் எனக்கு ஓர் உற்ற நண்பர் இருக்கிறார்' என்பதும் ஒன்று. வேலையைப் பற்றிய ஆய்வில் இதற்கு என்ன இடம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் 1997-ஆம் ஆண்டு கேரன் ஜென், பிரீத்தி ஷா ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நண்பர்களைக் கொண்டு அமைத்த குழுக்கள் வெறும் அறிமுகமானவர்களைக் கொண்டு அமைத்த குழுக்களைவிடச் சிறப்பாக வேலை செய்தன. நண்பர்கள் தமக்குத் தெரிந்ததைத் தாராளமாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் வேலையை மற்றவர் அக்கறையோடு பார்த்தார்கள். ஒருவர் சொன்ன யோசனையை மற்றவர் தயங்காமல் அலசினார்கள். நட்பின் பலன் இந்த வெளிப்படையான பேச்சிலிருந்துதான் வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் தவறுகள் எங்கே தொடங்குகின்றன என்பதும் விளங்கும்.

அருகருகே அமர்ந்திருப்பதையே நட்பு என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் நிலைக்கு வர 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. வேலையின் கட்டாயத்தால் சேர்ந்து கழிக்கும் நேரம் இதில் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே, சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே பக்கத்து இருக்கைக்காரரிடம் குடும்பச் சிக்கலையும் கடன் நிலவரத்தையும் முந்தைய மேலாளரோடு ஏற்பட்ட தகராறையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது, பழக்கத்தின் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை. கேட்டவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சொன்னதன் எடை அவருக்குத் தெரிந்திருக்காது என்பதே போதும், அது நான்கு பேர் காதுக்குப் போய்ச் சேர.

இனி, எல்லாவற்றிலும் பெரியதாக நான் கருதும் தவறு: நண்பரின் பிழையை மூடி மறைப்பது. ஓர் அலுவலகத்தில் மாத இறுதி விற்பனை அறிக்கையை ஒருவர் தயாரிக்கிறார்; அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டியவர் அவருடைய நெருங்கிய நண்பர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளையின் தொகை இரண்டு இடங்களில் சேர்ந்துவிட்டதை நண்பர் பார்க்கிறார். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அலைந்துகொண்டிருக்கிறான், இப்போது போய் இதைச் சொல்வானேன்' என்று தாமே திருத்தி அனுப்பிவிடுகிறார். அடுத்த மாதமும் அதே பிழை; அப்போதும் திருத்துகிறார். மூன்றாவது மாதம் அவர் விடுப்பில் இருக்க, அறிக்கை பிழையோடு மேலே போகிறது. விசாரணை வருகிறது. பிழை செய்தவர் நண்பரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் கிடையாது. இரக்கப்பட்டுச் செய்த உதவிதான். ஆனாலும் பிழையைத் தெரிந்துகொண்டு திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அது அவரிடமிருந்து பறித்துவிட்டது. திருத்தியவருக்கோ, சொல்லாமல் சுமந்த வேலை உள்ளுக்குள் மெல்ல எரிச்சலாக மாறியிருக்கும். இதற்கு மாற்று வழி கடினமானதன்று. பிழையைக் கண்ட அன்றே, தனியாக அழைத்து, ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமல் வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: "இந்தக் கிளையின் தொகை இரண்டு இடத்தில் சேர்ந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடு, நானும் கூட இருக்கிறேன்." முதல் தடவையே சொன்னால் இது இரண்டு நிமிடப் பேச்சு. மூன்று மாதம் கழித்துச் சொன்னால் இதுவே குற்றச்சாட்டு.

இந்த மௌனம் இருவருக்குள் நிற்காமல் ஒரு குழுவின் வழக்கமாகவே ஆகிவிடுவதும் உண்டு. சிகாகோவுக்கு அருகில் இருந்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931-லும் 1932-லும் 14 தொழிலாளர்களைத் தனி அறையில் வேலை செய்யவிட்டு ஆய்வாளர்கள் உற்றுக் கவனித்தார்கள். அளவுக்கு மேல் உழைத்து மற்றவர்களுக்கு நெருக்கடி தரக்கூடாது, அளவுக்குக் குறைவாக உழைத்து மற்றவர் தலையில் சுமத்தவும் கூடாது, உடன் வேலை செய்பவரைப் பாதிக்கும் எதையும் மேற்பார்வையாளரிடம் சொல்லக்கூடாது என்று அவர்களிடையே எழுதப்படாத விதிகள் இருந்தன. அதிகம் செய்தால் கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தும், தமக்குள் நியாயம் என்று ஏற்றுக்கொண்ட அளவோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம், ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அச்சமற்ற ஒரு பணியிடத்திலும் அதே வழக்கம் நட்பின் பெயரால் தொடரும்போது, உழைக்க விரும்புபவர் தயங்குகிறார், குறையைச் சுட்டுபவர் துரோகியாகப் பார்க்கப்படுகிறார்.

நண்பர்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் நேரம் இந்த உறவின் கடுமையான சோதனை. நேற்றுவரை மேலாளரைப் பற்றிச் சேர்ந்து அலுத்துக்கொண்டவர்களில் ஒருவர் இன்று மேலாளர். மற்றவரின் விடுப்பும் ஊதிய உயர்வும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. எதுவுமே மாறவில்லை என்பதுபோல் இருவரும் நடந்துகொள்வதுதான் இங்கே வழக்கமாக நேரும் தவறு. மாறியிருக்கிறது, அதை முதல் வாரத்திலேயே இருவரும் வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். எந்தச் செய்திகளை இனிப் பகிர முடியாது, குழுவினர் முன்னிலையில் எப்படிப் பேசிக்கொள்வது, மதிப்பீட்டின்போது என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக்கூடாது என்பவற்றைப் பதவி உயர்வு பெற்றவரே தொடங்கிப் பேசுவது முறை. கீழே இருப்பவர் அதைத் தொடங்கினால் பொறாமையாகத் தோன்றும்.

சலுகை காட்டும் தவறைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு நேர்எதிரான தவறை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தாம் நடுநிலையானவர் என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக, நண்பருக்கு மட்டும் கடினமான பணிகளைக் கொடுப்பதும், அவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய பாராட்டைத் தள்ளிப்போடுவதும் பல புதிய மேலாளர்களிடம் காணப்படுகின்றன. நண்பராக இருந்த ஒரே காரணத்துக்காக ஒருவர் தண்டிக்கப்படுவது அநீதி. நண்பரின் மதிப்பீட்டை எழுதும்போது தம்முடைய மேலதிகாரியையோ மனிதவளத் துறையையோ கூடுதலாக ஒருமுறை பார்க்கச் சொல்வது, இரு பக்கச் சாய்விலிருந்தும் காக்கும். அந்த நட்பை மேலதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது அதைவிட நல்லது. பின்னால் வேறொருவர் வாயிலாகத் தெரியவரும்போதுதான் அது விவகாரமாகிறது.

வட்டம் மூடிக்கொள்வது அடுத்த சிக்கல். உணவு இடைவேளையில் நான்கு பேர் மட்டும் எப்போதும் சேர்ந்தே அமர்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதுவரை தவறில்லை. திட்டத்தின் கெடு மாறிய செய்தியோ, வாடிக்கையாளர் சொன்ன திருத்தமோ அந்த மேசையிலும் அந்தக் குழுவிலும் மட்டும் பேசி முடிக்கப்படும்போது, வெளியே இருப்பவர்களின் வேலை பாதிக்கப்படுகிறது. கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று உணரும் ஐந்தாவது நபர், அதன்பின் கூட்டத்தில் பேசுவதை நிறுத்திவிடுகிறார். நட்பு வட்டத்தில் பேசிய வேலை விஷயத்தை அன்றே பொதுக் குழுவுக்குக் கொண்டுவருவது ஒரு பழக்கமாக வேண்டும்.

வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கும் இதில் இழப்பு உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர்கள் வழியாக வேலை பெற்றவர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 55.6 விழுக்காட்டினருக்கு வேலை பற்றிச் சொன்னவர் எப்போதாவது சந்திக்கும் ஒருவர்; 27.8 விழுக்காட்டினருக்கோ அரிதாக மட்டுமே சந்திக்கும் ஒருவர். அடிக்கடி சந்திப்பவர் வழியாக வேலை பெற்றவர்கள் 16.7 விழுக்காட்டினர்தான். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்தில் இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. வேறு பிரிவில் இருப்பவரோடு வாரத்தில் ஒருநாளாவது உட்கார்ந்து பேசாதவர் அந்த வாசலைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

புறம்பேசுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலாளரைப் பற்றிய சலிப்பை நண்பரிடம் கொட்டுவது மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாம். அதுவே அன்றாடப் பேச்சானால், சரிசெய்யக்கூடிய குறையும் உரியவர் காதுக்குப் போகாமல் மேசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எழுத்தில் அனுப்பியது திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) யாரிடம் போகும் என்பதை அனுப்பியவர் தீர்மானிக்க முடியாது. கடன் கொடுப்பதும் வாங்குவதும் அப்படியே: திருப்பித் தர முடியாதவர், கொடுத்தவரைக் கூட்டத்தில் நேருக்கு நேர் பார்க்கவே தயங்குவார், அவர்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை நின்றுபோகும்.

நட்பு தரும் களைப்பை ஏற்க மறுப்பது பலரும் கவனிக்காத தவறு. ஜெசிக்கா மெத்தாட் தலைமையில் 2016-இல் வெளியான ஆய்வு, பணியிடத்தில் நட்பும் வேலையும் கலந்த உறவுகள் அதிகம் உள்ளவர்கள் சிறப்பாகப் பணியாற்றுகிறார்கள் என்றும், அதேசமயம் அந்த உறவுகளைப் பேணுவதே அவர்களை மனத்தளவில் களைப்படையச் செய்கிறது என்றும் காட்டியது. வேலையில் மூழ்கியிருக்கும்போது நண்பர் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால், முகம் கோணாமல் கேட்டுவிட்டு, விட்ட வேலையை இரவில் முடிப்பவர்கள் ஏராளம். "நான்கு மணிக்கு மேல் நானே வருகிறேன், அப்போது நிதானமாகப் பேசலாம்" என்று சொல்வதால் எந்த உண்மையான நட்பும் முறிவதில்லை. சொன்னபடி நான்கு மணிக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சில நட்புகள் முறியும். பட்ரீசியா சயாஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2004-இல், பணியிட நட்பு சீர்கெடுவதற்கான காரணங்களாக ஐந்தைக் கண்டார்கள்: ஒருவரின் குணம், வேலையைக் குலைக்கும் சொந்த வாழ்க்கைச் சிக்கல்கள், முரண்படும் எதிர்பார்ப்புகள், பதவி உயர்வு, நம்பிக்கைத் துரோகம். சாதாரண நண்பரோடு மனக்கசப்பு ஏற்பட்டால் சில மாதம் சந்திக்காமல் இருந்துவிடலாம். சக ஊழியரை மறுநாள் காலையே பார்த்தாக வேண்டும். அப்போது செய்யும் மோசமான தவறு, மற்றவர்களிடம் நியாயம் கேட்டு அலுவலகத்தை இரண்டு அணிகளாகப் பிரிப்பது. அதற்கு அடுத்தது, வேலைக்குத் தேவையான பேச்சையும் சேர்த்து நிறுத்திவிடுவது. சொந்த விஷயங்களைப் பேசுவதைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அறிக்கை எப்போது வேண்டும், வாடிக்கையாளருக்கு யார் பதில் எழுதுவது என்பவற்றை முன்புபோலவே நேரில் கேட்க வேண்டும். முடிந்தால் ஒருமுறை இருவரும் தனியாக அமர்ந்து, "பழையபடி இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வேலையில் உனக்கு என்னால் எந்தக் குறையும் வராது" என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிப் பேசும் நிலையில் இல்லையென்றால், மேலாளரிடம் காரணத்தை விவரிக்காமல், சில காலம் இருவரையும் வேறுவேறு பணிகளில் அமர்த்தும்படி கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.