பழைய பொதுக் கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது செய்யக் கூடாதவை

நான் சில காலம் வேலை பார்த்த அரசு அலுவலகம் நூறாண்டு தாண்டிய கட்டடத்தில் இருந்தது. என் மேசைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு ஒரு கோடையில் சிமென்ட் பூசி, பளபளவென்று வண்ணமும் அடித்தார்கள். இரண்டு மழைக்காலம் போவதற்குள் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விரல் மூட்டால் தட்டினால் காலிப் பானைச் சத்தம். ஒரு கொப்புளத்தைச் சாவியால் நெம்பினேன். பூச்சு தட்டு தட்டாக விழுந்தது. அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. எல்லோரும் ஒப்பந்தக்காரரைத் திட்டினார்கள். அவர் டெண்டரில் இருந்ததைத்தான் செய்தார். கோளாறு டெண்டரை எழுதியவர்களிடம் இருந்தது.

சேப்பாக்கம் மாளிகை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், உயர் நீதிமன்றம் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியவை. அந்தக் காலத்துச் சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறவே செய்யும். கட்டியவர்களுக்கு அது தெரியும். ஏறிய ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடுவதுதான் சுண்ணாம்புப் பூச்சின் வேலை. உப்பும் பூச்சிலேயே தங்கும். சில ஆண்டுக்கொரு முறை பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் செங்கல் தப்பிக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே காய, உப்பு அங்கேயே படிகமாகி செங்கல்லை உடைக்கிறது. சிமென்ட் வலுவானது என்பதே இங்கே வினை. செங்கல்லைவிடக் கெட்டியான பூச்சு, செங்கல்லைத்தான் பலி வாங்கும்.

சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துக் காரை தயாரிக்க நாள் பிடிக்கும். அவசரத்துக்கு ஆகாது. ‘மூன்று மாதத்தில் பணி முடிக்க வேண்டும்’ என்று உத்தரவு போடும்போதே சிமென்ட் மூட்டைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்.

இதே தவறு வேறு உருவத்திலும் வரும். பூசாமல் விட்ட செங்கல் சுவருக்கு, சிவப்புக் கட்டடம்தானே என்று சிவப்பு எமல்ஷன் அடிப்பார்கள். தூரத்திலிருந்து அழகாகத்தான் இருக்கும். கிட்டே போனால் செங்கல்லுக்கும் இணைப்புக் காரைக்கும் வேறுபாடு தெரியாது. சுவர் மூச்சு விடவும் முடியாது.

கூரைக்கு வருவோம். பழைய சென்னைக் கட்டடங்களின் மெட்ராஸ் டெரஸ் கூரையில், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். ஒழுகினால் உடைந்த ஓடுகளையும் காரையையும் எடுத்துவிட்டு மறுபடி பதிக்க வேண்டும். நடப்பதோ வேறு. ஒழுகும் இடத்தில் இரண்டு அங்குலம் கான்கிரீட், அடுத்த மழையில் இன்னும் இரண்டு அங்குலம். பாரம் முழுவதும் தேக்கின் தலையில். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை ஈரத்தில் மக்கிக்கொண்டிருப்பது கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

வராந்தாவை அடைப்பது எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. இந்தக் கட்டடங்களைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. வெயில் உள்சுவரில் படாமல் தடுக்கவும், உள்ளே போகும் காற்று நிழலில் சற்றுக் குளிர்ந்து போகவும் வைத்தது. உயரமான கூரையும் மேலே கயிற்றால் இழுத்துத் திறக்கும் வென்டிலேட்டரும் சூடான காற்றை வெளியேற்றும். ஒரு நாள் கோப்பு வைக்க இடம் போதவில்லை என்று வளைவுகளுக்கு நடுவே அலுமினியச் சட்டம் வைத்துக் கண்ணாடி போடுவார்கள். அறை வேகும். அதற்கு ஏசி. ஏசிக்கு ஃபால்ஸ் சீலிங். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வென்டிலேட்டர் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும், இழுக்க ஆளில்லாமல். இடம் வேண்டுமென்றால் பக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பலாம். ரிப்பன் மாளிகை வளாகத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

இனி, சற்று விவாதத்துக்குரியது. ‘ஆதி வடிவத்துக்குக் கொண்டுபோகிறோம்’ என்று சொல்லி, பின்னால் சேர்ந்ததையெல்லாம் இடிப்பதும் தவறுதான். சேப்பாக்கம் மாளிகை 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. அது அரசின் கைக்கு வந்த பிறகு, கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் ஹுமாயூன் மஹாலுக்கும் கலச மஹாலுக்கும் நடுவே கோபுரம் எழுப்பினார். நவாபின் எண்ணத்தில் அந்தக் கோபுரம் இல்லை. அதற்காக இடிக்கலாமா? முதலில் இருந்ததோடு பொருந்தும்படி யோசித்துச் சேர்த்தது அது. யோசிக்காமல் ஒட்டவைத்த தகரக் கொட்டகையையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. 1977-இல் அந்த வேலை மெரினாவுக்குப் போய்விட்டது. விளக்கு வேலை போனாலும் கோபுரம் ஏன் அத்தனை உயரம் என்பதற்கு விடை அந்த விளக்கில் இருக்கிறது. விளக்கு இருந்த அறையைக் கிடங்காக்கிவிட்டால் கேள்வி கேட்கக்கூட ஆள் இருக்காது.

கடைசியாக ஒன்று. கழற்றுவதற்கு முன் பதிவு செய்யாமல் விடுவது. சேப்பாக்கத்தின் கலச மஹாலில் 2012 ஜனவரியில் தீப்பற்றிக் கூரை விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் அளவெடுத்த வரைபடமும் புகைப்படமும் இருந்தால்தான் இருந்தபடி கட்ட முடியும். சாதாரணப் பழுதுபார்ப்புக்கும் இது பொருந்தும். கழற்றும் கதவு, கண்ணாடி, கைப்பிடி ஒவ்வொன்றிலும் எண் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் குறித்துவைக்க ஒரு ஆளும் ஒரு சாக்பீஸும் போதும். எங்கள் அலுவலகத்தில் அதைச் செய்யவில்லை. நாற்பது சன்னல் கதவுகளைக் கழற்றி மரத்தடியில் அடுக்கினார்கள். திரும்ப மாட்டியபோது எதுவும் எதற்கும் பொருந்தவில்லை. தச்சர் ஒவ்வொன்றாக இழைத்துச் சின்னதாக்கினார். மறு மழையில் எல்லாச் சன்னலிலும் சாரல் அடித்தது.