இந்த வெயிலில் பிள்ளைகளை விளையாட விடலாமா? வாசலிலேயே முடிவெடுக்க ஒரு வழிமுறை

பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு "வெளியே போகட்டுமா?" என்று நிற்கும்போது நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். சன்னல் வழியே எட்டிப் பார்ப்போம். வெயில் சுள்ளென்று அடித்தால் வேண்டாம், மேகம் போட்டிருந்தால் சரி, போ. நானும் பல நாள் அப்படித்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். மேகமூட்டமான ஒரு மதியம், இலைகூட அசையாத புழுக்கத்தில் நாற்பது நிமிடம் ஓடிப்பிடித்து விளையாடிய என் மகள், தலை வலிக்கிறது என்று வந்து வாந்தி எடுத்தாள். வெயிலே இல்லையே, எப்படி என்று எனக்கு ஒரே குழப்பம். அதற்கப்புறம்தான் இதை ஒழுங்காகத் தேடிப் படித்தேன்.

படித்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது: முடிவை வாசலிலேயே எடுத்துவிட வேண்டும். ஆட்டம் களைகட்டிய பிறகு எந்தப் பிள்ளையும் தானாக நிறுத்தாது. தாகம் தெரியாது, களைப்பு தெரியாது, தெரிந்தாலும் சொல்லாது. கீழே உள்ள படிகளைப் பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலைதான்.

படி 1: ஒரு எண்ணை அல்ல, இரண்டைப் பாருங்கள்

செல்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அது காற்றின் வெப்பநிலை. அதற்குக் கீழே சின்னதாக "உணரும் வெப்பம்" அல்லது "ஃபீல்ஸ் லைக்" என்று இன்னொரு எண் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எண்தான்.

காரணம், நம் உடம்பு சூட்டை வெளியேற்றுவது வியர்வை சுரப்பதால் அல்ல, அந்த வியர்வை காய்வதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் முதுகில் வழிந்து ஓடும். சட்டை நனையும், உடம்பு குளிராது. என் மகளுக்கு நடந்ததும் அதுதான்.

ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதுதான் வெப்பச் சுட்டெண். ராபர்ட் ஸ்டெட்மன் என்பவர் 1979-இல் வெளியிட்ட கணக்கை அடிப்படையாக வைத்து அமெரிக்க தேசிய வானிலைச் சேவை இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி 32 டிகிரி செல்சியஸும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடம்பு உணர்வது ஏறக்குறைய 33 டிகிரி. அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் 41 டிகிரி! பெரிய எண் இரண்டு நாளும் ஒன்றேதான். ஆனால் ஒரு நாள் விளையாடலாம், இன்னொரு நாள் கூடாது.

செயலிக்குச் செயலி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். சில காற்றையும் வெயிலையும்கூடச் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே தினமும் பாருங்கள். ஒரே வாரத்தில் உங்களுக்கே ஒரு கணிப்பு வந்துவிடும்.

படி 2: அந்த எண் எங்கே அளக்கப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்

வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெட்டவெளியில் தொங்கவிடுவதில்லை. வெள்ளைச் சாயம் பூசிய, காற்று புகும் சட்டங்கள் வைத்த ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த பெட்டி அது. தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது உங்கள் செயலி சொல்வது, நிழலில், பெரியவர்களின் மார்பு அல்லது தலை உயரத்தில் இருக்கும் சூடு.

உங்கள் பிள்ளை நிழலில் இல்லை. இரண்டு வயதுக் குழந்தை என்றால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. கொதிக்கும் தரைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சூடு. நேர் வெயிலில் நின்றால் வெப்பச் சுட்டெண்ணில் 8 டிகிரி வரை கூடலாம் என்பது அமெரிக்க வானிலைச் சேவையே தரும் எச்சரிக்கை. ஆகவே விளையாடும் இடத்தில் நல்ல மர நிழல் இருந்தால் செயலியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளி என்றால் மனதுக்குள் ஏழெட்டு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில். ஆனால் காற்று மிகவும் சூடாவது அப்போது இல்லை. தரை வெயிலைக் குடித்து, சூடாகி, அப்புறம்தான் காற்றைச் சுடவைக்கும். அதனால் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் பெரும்பாலும் உச்சம். "உச்சி வெயில் போய்விட்டது, இரண்டரை ஆகிவிட்டதே" என்று அனுப்புவது தப்புக்கணக்கு.

படி 3: தரையையும் சறுக்குமரத்தையும் தொட்டுப் பாருங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று 30 டிகிரி இருக்கும்போதே வெயிலில் கிடக்கும் உலோகம், கறுப்பு ரப்பர் விரிப்பு, தார்ச்சாலை, செயற்கைப் புல்தரை எல்லாம் அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். செயற்கைப் புல் நல்ல வெயிலில் 60 டிகிரியைத் தாண்டக்கூடியது. அந்தச் சூட்டில் சில நொடிகளே போதும், தோல் வெந்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். பிளாஸ்டிக் சறுக்குமரம்தானே என்று நினைக்க வேண்டாம், அடர்ந்த நிறமாக இருந்தால் அதுவும் சுடும்.

சோதனை எளிது. புறங்கையை அந்தப் பரப்பில் வைத்து ஐந்து எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் குழந்தை அதில் உட்காரவோ வெறுங்காலோடு நடக்கவோ கூடாது. உள்ளங்கை வேண்டாம், அது காய்ப்பேறியது, பொய் சொல்லும். சறுக்குமரம், ஊஞ்சல் சங்கிலி, உட்காரும் பலகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடுங்கள். தவழும் குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் இந்தப் படி முதல் படியாகவே இருக்கட்டும். சூடான பரப்பிலிருந்து தானாக விலகத் தெரியாமல் அதிலேயே உட்கார்ந்து அழும் வயது அது.

படி 4: பிள்ளையைப் பாருங்கள்

ஒரே வெயில், இரண்டு பிள்ளைகள், இரண்டு முடிவு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிறு உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். காற்று தோலைவிடச் சூடாக, அதாவது சுமார் 35 டிகிரிக்கு மேல் போய்விட்டால், அந்தத் தோல் வழியாகவே வெளிச்சூடு உள்ளே ஏறும். பருவ வயதுக்கு முன் வியர்வையும் பெரியவர்களைவிடக் குறைவு. ஆனால் "குழந்தைகள் வெயில் தாங்கவே மாட்டார்கள்" என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. 2011-இல் அதை மாற்றிக்கொண்டது. ஆரோக்கியமான பிள்ளைகள் போதுமான தண்ணீர், ஓய்வு, கண்காணிப்பு இருந்தால் வெப்பத்தில் பாதுகாப்பாக விளையாடலாம் என்பதே அதன் பிந்தைய நிலைப்பாடு. பிரச்சினை பெரும்பாலும் பிள்ளையின் உடம்பில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சில பிள்ளைகளுக்கு மட்டும், எத்தனை டிகிரி வரை விளையாட விடலாம் என்ற வரம்பைக் கீழே இறக்க வேண்டும். நேற்றோ முந்தாநாளோ காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தவர்கள். உடல் எடை அதிகமுள்ளவர்கள். ஆஸ்துமா, நீரிழிவு போன்றவை உள்ளவர்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு ஊக்க மருந்து எடுப்பவர்கள். (மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வெயில் காலத்துக்கு என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.) முந்தைய இரவு சரியாகத் தூங்காத பிள்ளையையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று குழந்தை வண்டியைத் துணியால் மூடுவார்கள். காற்று அடைபட்டு உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

பழக்கமும் ஒரு விஷயம். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். கோடையின் முதல் சில நாள்கள், விடுமுறை முழுக்க ஏசி அறையில் கிடந்துவிட்டு வெளியே வரும் முதல் நாள்கள், இவற்றில்தான் பிள்ளைகள் அதிகம் சுருண்டு விழுவார்கள். அந்த நாள்களில் வழக்கமான நேரத்தில் பாதி போதும்.

படி 5: இப்போது முடிவெடுங்கள்

உணரும் வெப்பம் 27 டிகிரிக்குக் கீழே என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, போகட்டும். 27 முதல் 32 வரை என்றால் தண்ணீரும் நிழலும் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் 32-க்கு மேல்தான். அமெரிக்கக் குழந்தைக் காப்பகங்களுக்கான தேசிய வழிகாட்டி, வெப்பச் சுட்டெண் 32-ஐ எட்டினாலே உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து என்கிறது. நடை பழகும் குழந்தைகளுக்கு நான் இதை அப்படியே கடைப்பிடிப்பேன். ஆனால் ஆண்டு முழுவதும் சூடான இடத்தில் வாழும் எட்டு வயதுப் பையனுக்கும் இதே கோட்டைப் போட்டால் அவன் பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கிடப்பான். அதுவும் நல்லதில்லை. எனவே வெப்பத்துக்குப் பழகிய, உடம்பு சரியாக உள்ள பிள்ளை என்றால் 32-இலிருந்து 39 வரை நிபந்தனையோடு விடுகிறேன்: நிழல் கட்டாயம், இருபது நிமிட ஆட்டத்துக்குப் பத்து நிமிட ஓய்வு, ஓட்டப்பந்தயத்துக்குப் பதில் மணல் விளையாட்டோ தண்ணீர் விளையாட்டோ, கூடவே ஒரு பெரியவர். 35-ஐத் தாண்டினால் மொத்த நேரமே அரைமணிதான்.

39-க்கு மேல் பேச்சே இல்லை. வானிலைச் சேவையின் அட்டவணையில் "ஆபத்து" என்ற கட்டம் தொடங்குவது அங்கேதான். அழுதாலும் சரி, நண்பர்கள் எல்லோரும் வெளியே இருந்தாலும் சரி, வீட்டுக்குள்தான். வெட்டவெளிக்காக ஏழெட்டு டிகிரி கூட்டச் சொன்னேனே, அந்தக் கூட்டலுக்குப் பிறகு வரும் எண்ணைத்தான் இங்கே ஒப்பிட வேண்டும்.

விளையாட்டுப் பயிற்சியாளர்கள் வேறொரு அளவைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கலாம். ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி), கருங்கோளம் (வெயிலின் சூட்டை அளக்கும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி), சாதாரண வெப்பமானி மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது, ஆங்கிலத்தில் WBGT என்பார்கள். 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக உருவானது. அதில் 70 சதவீத எடை ஈரக்குமிழுக்கே. அதன் எண்கள் சிறியதாக இருக்கும். அங்கே 32 என்றால் ராணுவத்தினரே கறுப்புக் கொடி ஏற்றிக் கடும் பயிற்சியை நிறுத்துவார்கள். இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 6: விளையாடும்போது

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மி.லி. என்பது குழந்தை மருத்துவக் கழகம் சொல்லும் கணக்கு. சிறியவர்களுக்கு நாலைந்து மிடறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கூடாது, பாலைத்தான் அடிக்கடி தர வேண்டும். செல்பேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்துவிடுங்கள். "அம்மா கூப்பிடுகிறாள்" என்றால் வர மாட்டார்கள், "மணி அடித்துவிட்டது" என்றால் வருவார்கள். ஏன் என்று எனக்கும் தெரியாது.

கன்னம் சிவப்பதைவிட நடத்தை மாறுவதைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருந்தவன் ஓரமாக உட்கார்ந்தால், கலகலப்பானவள் சிடுசிடுத்தால், காரணமில்லாமல் அழுதால் உடனே நிழலுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் அன்றைக்குக் குடித்த தண்ணீர் போதவில்லை.

படி 7: கணிப்பு தப்பிவிட்டால்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, வெளிறிய முகம், கொட்டும் வியர்வை. இது வெப்பக் களைப்பு. நிழலிலோ குளிர்ந்த அறையிலோ படுக்கவைத்து, மேல்துணியைக் கழற்றி, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ கொடுங்கள். அரைமணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பேச்சு குழறினால், யாரென்று தெரியாமல் விழித்தால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தொட்டிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். இல்லையென்றால் குழாயால் நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பலிக்காது. நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

வெப்பக் களைப்பு வந்து தெளிந்த பிள்ளை ஒரு மணி நேரத்தில் துள்ளிக் குதித்து மறுபடி செருப்பை மாட்டும். முகம் பழையபடி இருக்கும், பேச்சும் இருக்கும். உணரும் வெப்பம் இறங்கியிருந்தாலும் அன்றைக்கு மறுபடி வெளியே விட வேண்டாம்.